பள்ளிக் கணக்கும் கல்லூரிக் கணக்கும்

1990ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இண்டியானாபொலிஸ் நகரின் ஹூசியர் டோம் அரங்கில் நடந்த ஒரு கூடைப்பந்து ஆட்டத்தைக் காண 41,046 பேர் திரண்டிருந்தார்கள். பள்ளி மாணவர்கள் ஆடிய மாநில இறுதி ஆட்டம் அது. அக்காலத்து இண்டியானாவில் பெரிய நகரத்துப் பள்ளி, சிற்றூர்ப் பள்ளி என்ற பிரிவே கிடையாது. மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளும் ஒரே கோப்பைக்காகத்தான் மோதின. 1997 வரை நீடித்த அந்த ஏற்பாட்டினால் பள்ளிக் கூடைப்பந்து அங்கே ஏறக்குறைய ஒரு திருவிழாவாகவே நடந்துவந்தது. ஆயினும் அன்றைய கூட்டத்தில் பெரும்பகுதி ஒரே ஒரு பையனைப் பார்க்க வந்தது என்று சொன்னால் மிகையாகாது. பெட்ஃபோர்டு நார்த் லாரன்ஸ் பள்ளியின் டேமன் பெய்லி அன்று 30 புள்ளிகள் எடுத்தார். தம் அணியின் கடைசி 11 புள்ளிகளையும் அவரே எடுத்தார். கான்கார்டு பள்ளியை 63-60 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றினார். நான்கு ஆண்டுப் பள்ளி வாழ்வில் அவர் சேர்த்த 3,134 புள்ளிகள் இண்டியானா மாநிலத்தின் சாதனையாக நிலைத்தன.

பள்ளியில் ஒளிர்ந்த அமெரிக்க ஆட்டக்காரர்கள் கல்லூரியில் என்ன ஆனார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குப் பல ஆண்டுகளாக உள்ள பழக்கம். ஒரு குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் பள்ளிக் கணக்கையும் வலப்பக்கத்தில் கல்லூரிக் கணக்கையும் எழுதி வைப்பேன். தொடக்கத்தில் அந்த இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று மெய்ப்பிக்க வேண்டும் என்றே எதிர்பார்த்தேன். இடப்பக்கம் பெரிதாயிருந்து வலப்பக்கம் சிறுத்திருந்தால், அந்த ஆட்டக்காரர் எங்கோ தவறிவிட்டார் என்று முடிவுகட்டிவிடுவேன். அந்த முடிவு எவ்வளவு அவசரமானது என்பதை எனக்குப் புரியவைத்தவர் பெய்லிதான்.

பெய்லி எட்டாம் வகுப்பில் படித்தபோதே இண்டியானா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் பாப் நைட் அவருடைய ஆட்டத்தை நேரில் சென்று பார்த்தார். நாட்டின் மிகக் கண்டிப்பான பயிற்சியாளர்களுள் ஒருவர் ஒரு சிறுவனைத் தேடிப் போனார் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. அன்று முதல் பெய்லி தம் வயதுக்கு மீறிய எதிர்பார்ப்பைச் சுமந்துகொண்டேதான் ஆடினார். பின்னர் நைட்டின் அணியிலேயே சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆடினார். எடுத்த புள்ளிகள் 1,741. சராசரி ஆட்டத்துக்கு 13 புள்ளிகளை ஒட்டி வரும். 1992இல் அவருடைய அணி தேசியப் போட்டியின் அரையிறுதியை எட்டி, டியூக் பல்கலைக்கழகத்திடம் 81-78 என்று தோற்றது. 1994இல், தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏயின் அணிகள் புதியவர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில், இண்டியானா பேசர்ஸ் அணி இரண்டாம் சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் என்பிஏ போட்டித்தொடரில் ஓர் ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. இதைப் படிக்கும் எவருக்கும் ‘எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை’ என்ற சொற்றொடர்தான் முதலில் நாவில் வரும். எனக்கும் வந்தது.

அவருக்கு ஓராண்டு முன்பு அதே அணியில் சேர்ந்தவர் கால்பர்ட் சேனி. எவன்ஸ்வில் நகரத்து ஹாரிசன் பள்ளியிலிருந்து வந்த இடக்கைக்காரர். பள்ளியின் கடைசி ஆண்டில் பாத எலும்பு முறிந்துவிட்டதால் கல்லூரிப் பயிற்சியாளர்கள் அவரைப் போதுமான அளவு பார்க்கக்கூட வாய்ப்பு அமையவில்லை. 1989இல் நைட் சேர்த்த புதியவர்களுள் பெயர்பெற்றவர்கள் வேறு பலர் இருந்தார்கள். சேனியைப் பற்றிப் பேச்சே அதிகம் இல்லை. ஆனால் நான்கு ஆண்டு முடிவில் அவர் கணக்கில் 2,613 புள்ளிகள் சேர்ந்திருந்தன. பிக் டென் என்று வழங்கும் அந்தப் பெரிய கல்லூரிக் கூட்டமைப்பின் ஆடவர் வரலாற்றில் அவ்வளவு புள்ளிகளை அதற்கு முன்பு எவரும் எடுத்ததில்லை. 1993இல் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது.

ஒரே பயிற்சியாளர், ஒரே அரங்கு, மூன்று ஆண்டுகள் ஒரே அணி. அப்படியிருந்தும் பள்ளியில் 41,046 பேரை வரவழைத்தவர் துணைப்பாத்திரமாகவும், எவரும் கண்டுகொள்ளாதவர் நாயகனாகவும் ஏன் அமைந்தார்கள்? என் கணிப்பு இது. நைட்டின் அணியில் பந்து ஒருவர் கையில் தங்காது. ஐந்து பேரும் ஓடிக்கொண்டே இருப்பார்கள், ஒருவருக்கொருவர் தடுப்பாக நின்று வழிவிடுவார்கள், பந்து கை மாறிக்கொண்டே இருக்கும், யாருக்கு இடைவெளி கிடைக்கிறதோ அவர் எறிவார். பந்து கையில் இல்லாத நேரத்தில் என்ன செய்கிறார் என்பதே அங்கே ஒருவருடைய மதிப்பை நிர்ணயிக்கும். பள்ளியில் பெய்லியின் ஆட்டம் பந்தைத் தம் கையில் வைத்துக்கொண்டு எதிரணியைப் பிளப்பது; கடைசி 11 புள்ளிகளையும் ஒருவரே எடுக்கும் ஆட்டம் அது. சேனிக்கோ தடுப்பைச் சுற்றி வளைந்து வந்து, பந்தை வாங்கிய நொடியே எறிவது இயல்பாகவே கைவந்தது. அந்த அணியில் அத்தகைய ஆளுக்கே புள்ளிகள் குவிந்தன. பெய்லி தம் ஆட்டத்தைக் குறுக்கிக்கொண்டு அணிக்குப் பொருந்தினார். அந்த ஆண்டுகளில் இண்டியானா இரண்டு முறை கூட்டமைப்புப் பட்டம் வென்றதை எண்ணிப் பார்த்தால், இதைத் தவறுதல் என்று எப்படிச் சொல்வது?

இதே நைட்டிடம் சில ஆண்டுகளுக்கு முன்பு ஆடிய ஸ்டீவ் ஆல்ஃபோர்டு, பள்ளியின் கடைசி ஆண்டில் ஆட்டத்துக்குச் சராசரியாக 37.7 புள்ளிகள் எடுத்தவர். அவரும் பள்ளி நாயகன்தான், ஆனால் கல்லூரியிலும் நாயகனாகவே இருந்து 2,438 புள்ளிகள் சேர்த்தார். 1987இல் சிரக்யூஸ் அணியை 74-73 என்று வென்று தேசியப் பட்டம் பெற்ற ஆட்டத்தில் ஏழு முறை மூன்று புள்ளி எறிந்தார். வெளியே நின்று எறிந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி தரும் அந்த மூன்று புள்ளிக் கோடு கல்லூரிக் கூடைப்பந்து முழுவதற்கும் வந்த முதல் ஆண்டே அதுதான் என்பது இதில் சுவையான செய்தி. பள்ளியில் அவர் பழகியபோது அந்தக் கோடே இல்லை. பந்தில்லாமல் ஓடி இடம்பிடிக்கும் பழக்கம் மட்டும் அப்போதே இருந்தது.

பள்ளிக் கணக்கைப் பற்றி எனக்கு உள்ள ஐயம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பள்ளியில் ஒருவர் எடுக்கும் புள்ளிகள் அவருக்கும் எதிரே நிற்பவருக்கும் உள்ள தொலைவைத்தான் பெரும்பாலும் அளக்கின்றன. 1960இல் மேற்கு வர்ஜீனியாவின் பர்ன்ஸ்வில் என்ற சிற்றூர்ப் பள்ளியில் டேனி ஹீட்டர் என்ற மாணவர் ஒரே ஆட்டத்தில் 135 புள்ளிகள் எடுத்தார். பள்ளி ஆட்டம் மொத்தம் 32 நிமிடங்களே நடக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆட்டம் 173-43 என்று முடிந்தது. கல்லூரி உதவித்தொகைக்கு ஹீட்டர் மேல் யாருடைய பார்வையாவது படவேண்டும் என்பதற்காகத் திட்டமிட்டே அணியினர் பந்தை அவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணிக்கை சாதனைப் பட்டியலில் ஏறியது. கல்லூரிக் கூடைப்பந்தில் அவர் பெயர் நிலைக்கவில்லை.

மகளிர் ஆட்டத்தில் இதற்கு இணையான கதை லிசா லெஸ்லியுடையது. 1990இல் கலிஃபோர்னியாவின் மார்னிங்சைடு பள்ளிக்காக ஆடிய அவர் முதல் பாதியிலேயே 101 புள்ளிகள் எடுத்துவிட்டார். இடைவேளையில் கணக்கு 102-24. அதாவது மீதி நான்கு பெண்களும் சேர்ந்து எடுத்தது ஒரே ஒரு புள்ளி. எதிரணி இரண்டாம் பாதி ஆட மறுத்துவிட்டது. அதே மாநிலத்தில் எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, ரிவர்சைடு பாலி பள்ளியின் ஷெரில் மில்லர் ஓர் ஆட்டத்தில் 105 புள்ளிகள் எடுத்திருந்தார். அவர் ஆடிய நான்கு ஆண்டுகளில் அந்தப் பள்ளி 132 ஆட்டங்களில் வென்று நான்கில் மட்டுமே தோற்றது.

இவர்கள் இருவரும் சென்றது ஒரே கல்லூரிக்கு என்பதால் இந்த ஒப்பீடு எனக்கு மிகவும் பிடித்தமானது. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மில்லர் 1983, 1984 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தேசியப் பட்டம் வென்றார். 3,018 புள்ளிகள் எடுத்தார். தலைசிறந்த ஆட்டக்காரருக்கான நைஸ்மித் விருதை மூன்று முறை பெற்றார். லெஸ்லியும் 1994இல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார், ஆனால் அவருடைய அணி ஒருமுறைகூட அரையிறுதியை எட்டவில்லை. பட்டங்களை மட்டும் எண்ணினால் மில்லர் எங்கோ உயரத்தில் நிற்பார். ஆனால் மில்லரின் இரண்டு பட்டங்களும் மெகீ இரட்டைச் சகோதரிகளான பாமெலாவும் பவுலாவும் உடன் ஆடிய காலத்தவை. அவர்கள் படிப்பை முடித்துச் சென்ற பின் மில்லருக்கு மூன்றாவது பட்டம் கிடைக்கவில்லை. 1986 இறுதி ஆட்டத்தில் டெக்சாஸிடம் 97-81 என்று தோற்றதோடு அவருடைய கல்லூரி வாழ்வு முடிந்தது. லெஸ்லிக்கு மெகீ சகோதரிகளைப் போன்ற துணை அமையவேயில்லை. லெஸ்லியின் கடைசி ஆண்டில் அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளராக வந்தவர் மில்லரேதான் என்பது இந்தக் கதையின் இனிய திருப்பம். 105 எடுத்தவர் பக்கவாட்டுக் கோட்டில் நிற்க, 101 எடுத்தவர் களத்தில் ஆட, அணி அந்த ஆண்டு காலிறுதி வரை சென்றது.

இரண்டு பக்கங்களும் அப்படியே ஒத்துப்போன ஆட்டக்காரர் ஒருவரைச் சொல்லச் சொன்னால், பின்னாளில் கரீம் அப்துல் ஜபார் என்று அறியப்பட்ட லூ அல்சிண்டரைத்தான் சொல்வேன். நியூயார்க்கின் பவர் மெமோரியல் பள்ளி அவர் காலத்தில் தொடர்ந்து 71 ஆட்டங்களில் வென்றது. அந்தத் தொடரை 1965 ஜனவரியில் 46-43 என்று முறித்தது டிமாத்தா பள்ளி. அதன் பயிற்சியாளர் மார்கன் வூட்டன் ஒரு வேடிக்கையான உத்தியைக் கையாண்டார்: பயிற்சியின்போது டென்னிஸ் மட்டைகளை உயர்த்திப் பிடிக்கச் செய்து, அவற்றுக்கு மேலாகப் பந்தை எறியத் தம் மாணவர்களைப் பழக்கினார். அல்சிண்டரின் கைகள் அவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பது அவர் கணக்கு. யூசிஎல்ஏ எனப்படும் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ஜான் வூடனிடம் அல்சிண்டர் சேர்ந்தபோது முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடக் கூடாது என்ற விதி இருந்தது. ஆகவே அல்சிண்டர் முதலாண்டு அணியில் ஆடினார். அந்த அணி, முந்தைய இரண்டு ஆண்டுகளும் தேசியப் பட்டம் வென்றிருந்த சொந்தக் கல்லூரியின் முதன்மை அணியையே 75-60 என்று வீழ்த்தியது. அதன் பின் மூன்று ஆண்டுகளில் 88 வெற்றி, 2 தோல்வி, மூன்று தேசியப் பட்டங்கள். 1967இல் கல்லூரி ஆட்டத்தில் டங்க், அதாவது எம்பிப் பந்தை வளையத்துக்குள் மேலிருந்து கையால் திணிப்பது, தடைசெய்யப்பட்டதற்கு அவரே காரணம் என்று பலரும் கருதினார்கள். 1976 வரை நீடித்த அந்தத் தடை அவரைச் சிறிதும் தளர்த்தவில்லை. விதியையே மாற்றினாலும் குறையாத தொலைவு சிலருக்கு வாய்க்கும். அவர்களை வைத்து மற்றவர்களை அளக்கத் தொடங்கினால் எல்லாரும் குள்ளமாகவே தெரிவார்கள்.

அல்சிண்டருக்குப் பின் அடுத்தவர் யார் என்று தேடியவர்கள் கண்டெடுத்த பெயர்தான் ரால்ஃப் சாம்ப்சன். உயரம் 7 அடி 4 அங்குலம். ஹாரிசன்பர்க் பள்ளிக்கு இரண்டு மாநிலப் பட்டங்கள் பெற்றுத்தந்துவிட்டு, 1979இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவருக்கு இரண்டு ஆண்டுகள் பின்னால் வந்தவர் பேட்ரிக் யூயிங். ஜமைக்காவிலிருந்து சிறுவயதில் குடிபெயர்ந்து வந்து, அதன் பிறகே கூடைப்பந்தைக் கற்றுக்கொண்டு, மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரப் பள்ளிக்குத் தொடர்ந்து மூன்று மாநிலப் பட்டங்கள் ஈட்டியவர். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். சாம்ப்சன் நைஸ்மித் விருதை மூன்று முறை பெற்றார், ஆனால் தேசிய இறுதி ஆட்டம் ஒன்றில்கூட ஆடவில்லை. யூயிங்கின் அணி நான்கு ஆண்டுகளில் மூன்று இறுதி ஆட்டங்களை எட்டியது.

1982 டிசம்பரில் இருவரும் நேருக்கு நேர் மோதியபோது வென்றது சாம்ப்சனின் வர்ஜீனியாதான், 68-63. சரியாக இரண்டு வாரம்கூடக் கழியவில்லை. ஹொனலூலுவில் ஷமினாட் என்ற, ஆயிரம் மாணவர்கள்கூட இல்லாத ஒரு சிறு கல்லூரியிடம் அதே வர்ஜீனியா 77-72 என்று தோற்றது. கல்லூரிக் கூடைப்பந்தில் அதைவிடப் பெரிய கவிழ்ப்பை நான் அறியேன். அந்தப் பருவத்தின் முடிவில் காலிறுதியில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்திடம் ஒரே புள்ளியில் தோற்று, சாம்ப்சனின் கல்லூரி வாழ்வும் முடிந்தது. யூயிங்கின் கணக்கையும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். 1982 இறுதி ஆட்டத்தில் முதலாண்டு மாணவரான மைக்கேல் ஜோர்டன் எறிந்த பந்தினால் 63-62 என்று தோல்வி, 1984இல் பட்டம், 1985இல் வில்லனோவாவிடம் 66-64 என்று தோல்வி. இரண்டு தோல்விகளையும் சேர்த்தால் மூன்று புள்ளி வித்தியாசம். அந்த மூன்று புள்ளிகளும் வேறுபக்கம் விழுந்திருந்தால் யூயிங்கை அல்சிண்டருக்கு அருகில் வைத்துப் பேசியிருப்போம். மறுபக்கம் சாம்ப்சனுக்கு ஒரு புள்ளி கூடியிருந்தால் ‘பெரிய ஆட்டங்களில் கைவிட்டவர்’ என்ற பழி அவருக்கு வந்திருக்காது. வலப்பக்கக் கணக்கும் இப்படித்தான் ஒரு நூலில் தொங்குகிறது.

ஒப்பீட்டில் பலரும் மறந்துவிடும் இன்னொன்று, கல்லூரிக் காலத்தின் நீளம். அல்சிண்டர் காலத்தில் மூன்று ஆண்டுகள். முதலாண்டு மாணவர்களுக்கு இருந்த தடை 1972இல் நீங்கிய பின் நான்கு ஆண்டுகள். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீட் மாராவிச், மூன்று புள்ளிக் கோடே இல்லாத காலத்தில், மூன்றே ஆண்டுகளில், 83 ஆட்டங்களில் 3,667 புள்ளிகள் எடுத்தார். 2024இல் அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் அதைக் கடந்து 3,951இல் முடித்தபோது எழுந்த வாதங்களில் பாதி இந்த ஆண்டுக்கணக்கைப் பற்றியவையே. கிளார்க்கின் ஆட்டத்தை நான் மிகவும் ரசித்தவன். இருந்தாலும் அந்த இரண்டு எண்களையும் ஒரே வரிசையில் வைக்க என் பேனா தயங்குகிறது.

1990களின் நடுவிலிருந்து நிலைமை மேலும் சிக்கலானது. கெவின் கார்னெட், கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ் ஆகியோர் கல்லூரி வாசலையே மிதிக்காமல் நேரே என்பிஏக்குச் சென்றார்கள். அவர்களுக்கு என் குறிப்பேட்டில் வலப்பக்கம் வெறுமையாகவே கிடக்கிறது. 2006 முதல், பள்ளி முடித்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்ற விதி வந்தது. அதனால் பெரிய பெயர்கள் எல்லாம் கல்லூரியில் ஒரே ஒரு பருவம் தலைகாட்டிவிட்டுக் கிளம்பும் வழக்கம் ஏற்பட்டது.

அந்த விதிக்கு உட்பட்டு முதலில் வந்தவர்களுள் இருவர் கிரெக் ஓடனும் கெவின் டுரான்டும். இண்டியானாபொலிஸின் லாரன்ஸ் நார்த் பள்ளிக்கு 2004 முதல் 2006 வரை தொடர்ந்து மூன்று மாநிலப் பட்டங்கள் பெற்றுத்தந்த ஓடன்தான் அந்த ஆண்டு நாட்டின் முதல் பெயர். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் வலது மணிக்கட்டில் அறுவைசிகிச்சை. பருவத்தின் தொடக்க ஆட்டங்களை இழந்தார். திரும்பி வந்த பின்னும் வலக்கை ஒத்துழைக்காததால், எதிரணி விதிமீறியதற்காகத் தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் தனி எறிதல்களை இடக்கையால் எறிந்தார். அந்த நிலையிலும் அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுசென்று, ஃபுளோரிடாவிடம் 84-75 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் 25 புள்ளிகளும் 12 ரீபவுண்டுகளும் (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். டெக்சாஸில் ஆடிய டுரான்ட் சராசரியாக 25.8 புள்ளி, 11.1 ரீபவுண்டு எடுத்து, நைஸ்மித் விருது பெற்ற முதல் முதலாண்டு மாணவர் ஆனார். ஆனால் அவர் அணி இரண்டாம் சுற்றிலேயே வெளியேறியது. அந்த ஒரே பருவத்தை வைத்துப் பார்த்தால் இருவருள் எவர் மேல் என்று இன்றும் என்னால் சொல்ல இயலவில்லை. ஓடனின் முழங்கால் பின்னாளில் செய்த துரோகத்தை நாம் அறிந்திருப்பதால், அவருடைய கல்லூரிப் பருவத்தையும் சோகக் கண்ணாடி வழியாகவே பார்க்கிறோம், அது அநியாயம். பள்ளியிலும் கல்லூரியிலும் ஓடனுக்குப் பந்தை ஊட்டிவந்த மைக் கான்லி, நண்பரின் நிழலில் வளர்ந்தவர், 2007 என்பிஏ தேர்வில் நான்காவதாக எடுக்கப்பட்டார். அவருடைய ஆட்டவாழ்வு ஓடனுடையதைவிட மிக நீளமாக அமைந்தது.

இவர்கள் கல்லூரியில் நுழைந்த அதே ஆண்டில், எந்தப் பெரிய கூட்டமைப்பும் உதவித்தொகை தராத ஒரு மெலிந்த பையன் வட கரோலினாவின் டேவிட்சன் கல்லூரியில் சேர்ந்தார். ஸ்டீஃபன் கறி தம் முதல் ஆட்டத்தில் 13 முறை பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தார். மறு ஆட்டத்தில் மிச்சிகனுக்கு எதிராக 32 புள்ளிகள். 2008 தேசியப் போட்டியில் கொன்சாகாவுக்கு எதிராக 40, ஜார்ஜ்டவுனுக்கு எதிராக 30, விஸ்கான்சினுக்கு எதிராக 33. காலிறுதியில் கான்சஸிடம் 59-57 என்று தோற்றுத்தான் டேவிட்சன் நின்றது. அந்தப் பருவத்தில் அவர் எறிந்த மூன்று புள்ளிகள் 162. அடுத்த ஆண்டு மூன்று புள்ளிக் கோட்டை ஓரடி பின்னால் தள்ளினார்கள், கறியோ 28.6 என்ற சராசரியுடன் நாட்டிலேயே முதலிடம் பிடித்தார். பயிற்சியாளர் பாப் மெக்கில்லப் அந்த முதல் ஆட்டத்துக்குப் பிறகும் பந்தை இந்தப் பையனிடமே விட்டுவைத்தார் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பெரிய கல்லூரி ஒன்றில் 13 முறை பந்தைத் தொலைத்த முதலாண்டு மாணவருக்கு மறுநாள் இருக்கையில்தான் இடம் கிடைத்திருக்கும்.

என் குறிப்பேட்டில் அதிகம் புரட்டப்பட்ட பக்கம் மகளிர் இருவருடையது. ஜார்ஜியாவின் காலின்ஸ் ஹில் பள்ளியில் ஆடிய மாயா மூர், 125 வெற்றி 3 தோல்வி என்ற கணக்குடன் 2007இல் கனெக்டிகட் பல்கலைக்கழகம் சென்றார். அடுத்த ஆண்டு பள்ளி முடித்தவர்களுள் முதல் பெயராக நின்றவர் டெலவேர் மாநிலத்தின் அர்சுலின் அகாடமியில் ஆடிய எலீனா டெல்லி டான். தொடர்ந்து 80 தனி எறிதல்களைத் தவறாமல் போட்டவர். அவரும் கனெக்டிகட்டையே தேர்ந்தெடுத்தார். இருவரும் ஒரே அணியில் ஆடப் போகிறார்கள் என்று ஆட்டத்தை அறிந்தவர்கள் எல்லாரும் காத்திருந்தபோது, 2008 கோடையில், கல்லூரி வளாகத்துக்குச் சென்ற இரண்டே நாளில் டெல்லி டான் வீடு திரும்பிவிட்டார்.

பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத ஒரு மூத்த சகோதரி அவருக்கு உண்டு. தொலைபேசியில் பேசியோ கடிதம் எழுதியோ அந்த உறவைத் தொடர முடியாது. அருகில் இருந்து கையைப் பற்றினால்தான் உண்டு. கூடைப்பந்தின் மீதே தமக்குச் சலிப்பு வந்துவிட்டதையும் டெல்லி டான் வெளிப்படையாகச் சொன்னார். வீட்டுக்கு அருகில் இருந்த டெலவேர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அந்த முதலாண்டு கைப்பந்து ஆடினார். அதற்கடுத்த ஆண்டுதான் கூடைப்பந்துக்கு மீண்டார். அவர் விட்டுவந்த கனெக்டிகட் அணி அந்த இரண்டு பருவங்களிலும் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை: 39-0, மறுபடியும் 39-0, இரண்டு தேசியப் பட்டங்கள்.

மூர் கல்லூரியை முடித்தபோது 150 வெற்றி, 4 தோல்வி. 154 ஆட்டங்களில் 3,036 புள்ளிகள். டெல்லி டான் முடித்தபோது 114 ஆட்டங்களில் 3,039. அந்த மூன்று புள்ளி வித்தியாசத்தைப் பார்த்து வியக்காமல் இருக்க முடியவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் பார்த்தால் டெல்லி டானின் சராசரியே அதிகம். ஆனால் மூரைச் சுற்றி நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் நின்றதால் அவர் எடுக்க வேண்டிய புள்ளிகளே குறைவு. டெல்லி டான் எதிர்கொண்ட கூட்டமைப்போ அவ்வளவு வலியதன்று. ஒருவர் கணக்கை மற்றவர் இடத்தில் பொருத்திப் பார்க்க எவ்வளவு முயன்றாலும் ஏதோ ஒரு முனை இடிக்கிறது. டெல்லி டான் கனெக்டிகட்டில் தங்கியிருந்தால் பட்டங்கள் குவிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. 3,039 புள்ளிகள் வந்திருக்குமா என்பதுதான் எனக்கு ஐயம்.

2013 மார்ச்சில் டெலவேர் அணி தேசியப் போட்டியின் முதல் இரண்டு சுற்றுகளையும் தன் சொந்த அரங்கிலேயே வென்று, கடைசிப் பதினாறு அணிகளுள் ஒன்றாகியது. அடுத்த ஆட்டம் கென்டக்கியுடன். டெல்லி டான் 33 புள்ளிகள் எடுத்தார். டெலவேர் 69-62 என்று தோற்றது. அதுவே அவருடைய கடைசிக் கல்லூரி ஆட்டம். அந்த ஆட்டம் நடந்த இடம் பிரிட்ஜ்போர்ட், கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள நகரம். அன்று டெலவேர் வென்றிருந்தால், அடுத்த ஆட்டத்தில் எதிரே நின்றிருக்கக்கூடிய அணி, ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு நாள் மட்டும் தங்கி அவர் விட்டுவந்த கனெக்டிகட்.